கொட்டேஷனில் இல்லாத வரிகள்

சாதாரண 40 அடி ஹைக்யூப் கன்டெய்னர் ஒன்றின் கதவகலம் ஏறக்குறைய 2.34 மீட்டர். சீனத் தொழிற்சாலைகளில் தயாராகும் விரிக்கும் கன்டெய்னர் வீட்டை மடித்து வைத்தால் அதன் அகலம் சுமார் 2.2 மீட்டர். நடுவில் இருப்பது 14 சென்டிமீட்டர். மொத்த வியாபாரமும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. மடித்த வீடு கன்டெய்னருக்குள் போய்விடும். 20 அடி மாடல் என்றால் ஒரே கன்டெய்னரில் இரண்டு வீடுகள் போகும். ஊர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டால் தரை கீழே விழும், கூரை மேலே எழும், சுவர் நிமிரும். 6 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், உள்ளே 37 சதுர மீட்டர். நம் கணக்கில் 400 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கழிப்பறை, ஒரு சமையல் மேடை.

மெல்போர்னில் இருக்கும் நண்பன் ஒருவன் இதைக் கொல்லையில் போட்டு, ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். "மச்சி, வீடு கார் விலைக்குக் கிடைக்குதுடா. மொத்தமா எவ்வளவு ஆகும்னு ஒரு எக்செல் போட்டுக் குடு" என்றான். நான் கட்டுமானத்துறைக்காரன் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் எங்கள் தொழிலிலும் கொட்டேஷன் உண்டு. கொட்டேஷனை வாசிக்கும்போது அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பதைத் தேட வேண்டும் என்பது அங்கே சீக்கிரமே பிடிபட்டுவிடும். அப்படித் தேட ஆரம்பித்துத்தான் நான் வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். ஏனென்றால் கப்பலில் வந்து இறங்கும் வீடு என்பது புதிய யோசனையே இல்லை. மெல்போர்ன் என்ற ஊரே கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பித்தது.

தச்சரின் மகன்

1830களின் தொடக்கத்தில் லண்டனில் ஹென்றி மேனிங் என்றொரு தச்சர் இருந்தார். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறப் புறப்பட்டான். அங்கே போய் இறங்கினால் தங்க இடமில்லை, மரம் அறுக்க ஆளில்லை. மேனிங் ஒரு வீட்டையே துண்டு துண்டாகச் செய்து மகனோடு அனுப்பினார். பள்ளம் வெட்டிய தூண்கள், அந்தப் பள்ளத்தில் செருகும் பலகைச் சட்டங்கள். எல்லாச் சட்டமும் ஒரே அளவு, எதை எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். எந்தத் துண்டும் ஓர் ஆள் தூக்க முடியாத கனம் இல்லை. முடுக்குவதற்குக் கட்டில் மரையைத் திருகும் ஒரு சாவி போதும். இன்று நாம் 'மாடுலர்' என்று சொல்வதெல்லாம் அதில் இருந்தது.

மேனிங் இதை வியாபாரமாக்கினார். வாங்கியவர்களில் ஒருவர் சார்லஸ் லட்ரோப். மெல்போர்னை உள்ளடக்கிய போர்ட் ஃபிலிப் பகுதியை நிர்வகிக்க 1839இல் குடும்பத்தோடு வந்தவர், கூடவே மேனிங்கின் வீட்டையும் கொண்டுவந்தார். வீடு கையில் இருக்கிறது, ஆனால் வைக்க இடம்? 1840இல் ஏலத்தில் பன்னிரண்டரை ஏக்கர் எடுத்தார். ஏக்கருக்கு 20 பவுண்ட், மொத்தம் 250 பவுண்ட். ஊரின் முதல் அதிகாரி கேட்கும் இடத்துக்கு எதிராக யாரும் ஏலம் கூறவில்லை. அப்புறம் கொண்டுவந்த வீடு குடும்பத்துக்குப் போதவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்துச் சாப்பாட்டு அறையும் மற்ற பகுதிகளும் கட்டிச் சேர்த்தார்.

ஆரம்பத்திலேயே கணக்கின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. பெட்டியில் வருவது வீட்டின் ஒரு பகுதி. நிலமும் சேர்க்கையும் பெட்டியில் வராது. லட்ரோப்புக்கு நிலம் மலிவாகக் கிடைத்தது, ஏனென்றால் அவர் லட்ரோப். மற்றவர்களுக்கு?

எட்டு மைல்

1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. 77,000 பேர் இருந்த காலனியில் பத்தே வருடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல். யாரா நதியின் தென்கரையில் கூடாரங்களாலேயே ஓர் ஊர் உருவானது. பெயரே கேன்வாஸ் டவுன். கூடாரம் அடிக்கும் இடத்துக்கு வாரம் 5 ஷில்லிங் அரசுக்குக் கட்ட வேண்டும்.

தச்சர்கள் எல்லாரும் உளியைப் போட்டுவிட்டுத் தங்கம் தோண்டப் போய்விட்டார்கள். வீடு கட்ட ஆள் இல்லாத ஊருக்குக் கட்டி முடித்த வீட்டை அனுப்பினால் லாபம் என்று பிரிட்டனில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. நெளிதகடு 1829லேயே ஹென்றி பாமர் காப்புரிமை பெற்ற சரக்கு. 1830களின் கடைசியில் துத்தநாகப் பூச்சும் வந்துவிட, துரு பயமும் குறைந்தது. தகடு லேசானது, அடுக்கினால் இடம் அடைக்காது. மான்செஸ்டரின் எட்வர்ட் பெல்ஹவுஸ் போன்றவர்கள் இரும்பு வீடுகளைக் கப்பலேற்றினார்கள். அதே பெல்ஹவுஸ்தான் பால்மோரலில் அரச குடும்பத்துக்காக இரும்பு நடனக்கூடம் செய்துகொடுத்தவர். எஞ்சிய அப்படிப்பட்ட வீடுகள் மூன்று இன்றும் தெற்கு மெல்போர்னில் கோவென்ட்ரி தெருவில் நிற்கின்றன. ஒன்று ஆரம்பத்திலிருந்தே அங்கேயே இருப்பது, மற்ற இரண்டும் பின்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டவை.

1852இல் வந்திறங்கிய ஆங்கில எழுத்தாளர் வில்லியம் ஹோவிட் ஒரு கணக்கைச் சொல்கிறார். பெரிய கப்பல்கள் ஊர்வரை வர முடியாது, வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து படகில் ஏற்றி, இறக்கி, வண்டி பிடித்து ஊருக்குள் கொண்டுசேர்க்க ஆகும் செலவு, அதற்கு முன்னால் கடந்துவந்த 13,000 மைலுக்கு ஆன செலவைவிட அதிகம் என்கிறார். கடைசி எட்டு மைல் தூரம் உலகத்தின் பாதியைவிட விலை கூடியது!

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்தது. மென்பொருளில் இது தினசரி நடப்பது. எழுதியவனின் மடிக்கணினியில் எல்லாம் ஓடும். வாடிக்கையாளரின் இடத்தில் அதை ஓடவைப்பதற்குத்தான் பாதி பட்ஜெட் போகும். அதை முதல் நாள் கொட்டேஷனில் யாரும் போடுவதில்லை. போட்டால் வேலை கிடைக்காது.

கேன்டனிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு

"இப்போதெல்லாம் வீடுகூட சீனாவிலிருந்து வருதுப்பா" என்று அங்கலாய்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1849இலேயே வந்தது. கலிஃபோர்னியத் தங்க வேட்டையின்போது சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போன பத்திரிகையாளர் பேயார்ட் டெய்லர், கேன்டனிலிருந்து வந்த 75 வீடுகளாவது அங்கே இருப்பதாகவும், சீனத் தச்சர்களே வந்து அவற்றை நிறுத்தியதாகவும் எழுதியிருக்கிறார். நியூயார்க்கிலிருந்து பீட்டர் நெய்லர் என்பவர் இரும்பு வீடுகளை அனுப்பினார். ஒரே நாளுக்குள் நிறுத்திவிடலாம், தீப்பிடிக்காது, மரவீட்டைவிட மலிவு என்பது விளம்பரம்.

மலிவு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எதைவிட மலிவு? அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தச்சரின் நாள் கூலி 12 டாலர். அதுவும் போதாதென்று 16 டாலர் கேட்டு 1849இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கூலி இருக்கும்வரை கப்பலில் வந்த வீடு மலிவுதான். ஆனால் கப்பல் ஹார்ன் முனையைச் சுற்றி வர ஐந்தாறு மாதம் ஆகும். அதற்குள் எல்லா ஊர் வியாபாரியும் இதே யோசனையோடு சரக்கு அனுப்பியிருந்தான். சந்தை நிரம்பி வழிந்தது, மரத்தின் விலை விழுந்தது. ஆர்டர் போட்ட நாளின் விலைக்குத்தான் பட்ஜெட் போட்டிருப்பார்கள். வீடு போய்ச் சேர்ந்ததோ வேறொரு நாளில், வேறொரு விலையில்.

தீப்பிடிக்காது என்ற வாக்குறுதிக்கும் சோதனை வந்தது. 1851 மே மாதத்தில் ஊரின் பெரும்பகுதியை எரித்த தீயில், இரும்புக் கட்டடம் காப்பாற்றும் என்று நம்பிச் சிலர் உள்ளேயே இருந்துகொண்டார்கள். சூட்டில் இரும்பு விரிந்து கதவுகள் இறுகிக்கொண்டன. திறக்க முடியவில்லை. உள்ளேயே செத்துப்போனார்கள். இரும்பு எரியாது என்று விளம்பரம் சொன்னது உண்மைதான். உள்ளே இருக்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை.

முன்பணம்

நூறு வருடம் தாவி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பிவிட்டார்கள், வீடுகள் இல்லை. கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்ற பொறியாளர், எனாமல் பூசிய எஃகுத் தகட்டில் வீடு செய்யலாம் என்று அரசிடம் போனார். பெட்ரோல் பங்க் சுவர்களுக்குப் போடும் அதே எனாமல். பெயின்ட் வேண்டாம், துரு பிடிக்காது, துணியால் துடைத்தால் போதும். நிறுவனத்தின் பெயர் லஸ்ட்ரான். அரசின் கடன் நிறுவனம் 3 கோடி டாலருக்கும் மேல் கொட்டியது. கொலம்பஸ் நகரில் போர்விமானம் செய்த தொழிற்சாலை கைக்கு வந்தது. நாளைக்கு 100 வீடு என்பது இலக்கு, 7,000 டாலர் என்பது ஆரம்பத்தில் பேசிய விலை.

1948 முதல் 1950 வரை விற்றவை ஏறக்குறைய 2,500 வீடுகள் மட்டுமே. விலை 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. 1950இல் அரசே கடனுக்காக நிறுவனத்தைக் கையகப்படுத்தியது.

வீடு மோசமா என்றால், இல்லை. இன்றும் பல லஸ்ட்ரான் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பிரச்சினை பணம் நகரும் விதத்தில் இருந்தது. சாதாரணமாக வீட்டுக்கடன் எப்படி வரும்? அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒரு தவணை. நம் ஊரிலும் இதே கதைதான். ஆனால் லஸ்ட்ரான் வீடு 3,000க்கும் மேற்பட்ட துண்டுகளாக ஒரே லாரியில் மொத்தமாக வரும். லாரி புறப்படும் முன் டீலர் முழுப்பணத்தையும் கட்ட வேண்டும். பார்க்க அஸ்திவாரமோ சுவரோ இல்லாதபோது எந்த வங்கி தவணை கொடுக்கும்? இது போதாதென்று ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிக் கட்டட விதிகள். ஓர் ஊரில் செல்லுபடியாகும் குழாய் அமைப்பு அடுத்த ஊரில் செல்லாது. தொழிற்சாலைக்குள் எல்லா வீடும் ஒன்றுதான். வாசலைத் தாண்டினால் ஒவ்வொரு வீடும் வேறு.

விமானத்தில் போன வீடு

லஸ்ட்ரான் விழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில் ஃபிரான்ஸில் ஜான் ப்ரூவே என்ற உலோகக் கைவினைஞர் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கான வீட்டைச் செய்தார். பெயர் மேசோன் ட்ராபிகால். அலுமினியச் சட்டங்கள், வெயிலைத் திருப்பும் தகடுகள், காற்றோட்டத்துக்கு இரட்டைக் கூரை. எல்லாமே தட்டையாக அடுக்கிச் சரக்கு விமானத்தில் ஏற்றும்படி வடிவமைத்தது. 1949இல் நியாமேக்கு ஒன்று, 1951இல் பிராஸாவில்லுக்கு இரண்டு போயின. அவ்வளவுதான். அங்கேயே கட்டும் வீட்டைவிட அதிக செலவு. குடியிருக்க வேண்டிய ஃபிரெஞ்சு அதிகாரிகளுக்கும் அந்தத் தொழிற்சாலைத் தோற்றம் பிடிக்கவில்லை. ஆப்பிரிக்கர்களிடம் யாரும் கேட்கவேயில்லை.

கதையின் முடிவு வேடிக்கையானது. அரை நூற்றாண்டு கழித்துப் பழம்பொருள் வியாபாரிகள் அவற்றைக் கழற்றிப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். 2007இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு வீடு கிட்டத்தட்ட 50 லட்சம் டாலருக்குப் போனது. ஏழை நாட்டுக்கு மலிவான வீடு என்று தொடங்கியது பணக்காரரின் சேகரிப்பில் கலைப்பொருளாக முடிந்தது.

ஒரே ஒரு வரி மட்டும்

இத்தனை தோல்விக்குப் பிறகும் கப்பல் வீடு என்ற யோசனை ஏன் திரும்ப வந்தது? பதில் 1956 ஏப்ரல் 26இல் இருக்கிறது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆன வேலை, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்டுக்கு முடிந்தது. அடுத்த பதினைந்து வருடத்துக்குள் பெட்டியின் நீள அகலமும் மூலைப்பூட்டும் உலகத் தரமாயின. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 2.34 மீட்டர் அங்கிருந்து வருவது.

மெக்லீன் எக்செல்லின் ஒரே ஒரு வரியைத்தான் சுருக்கினார். கப்பல் கூலி என்ற வரியை. அதுவும் நிரந்தரமாக இல்லை. 2021இல் சீனாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு ஒரு 40 அடிப் பெட்டியின் கூலி, பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைப்போல் பத்து மடங்கைத் தாண்டியது. மற்ற வரிகள் எல்லாம் மேனிங் காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நண்பனுக்காக நான் ஒவ்வொன்றாக நிரப்பினேன்.

அவனிடம் இருந்த கொட்டேஷன் எஃப்.ஓ.பி. விலை. அதாவது சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரைதான் விற்பவர் பொறுப்பு. கணக்குக்காக வீடு 20,000 ஆஸ்திரேலிய டாலர், கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் 5,000 என்று வைத்துக்கொள்வோம். சுங்கவரி பொதுவாக 5 சதவீதம், வீட்டின் விலைமேல், ஆக 1,000. ஜி.எஸ்.டி. 10 சதவீதம். ஆனால் இது வீடு, சுங்கவரி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகைமேல், ஆக 2,600. சீன-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி முறையான பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் சுங்கவரி இல்லை, ஜி.எஸ்.டி.யும் 2,500 ஆகிவிடும். சான்றிதழ் என்ற ஒரு காகிதத்தின் விலை 1,100 டாலர். விற்பவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய காகிதம் அது.

அடுத்து ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலிருந்து முழுத்தடை. பலகையிலோ கேஸ்கெட்டிலோ துளி இருந்தாலும் இறக்குமதி சட்டவிரோதம், இல்லை என்று காட்டுவது இறக்குமதி செய்பவர் பொறுப்பு. கட்டுரைக்குத் தலைப்பு வைக்கும்போது 'வரி' என்ற சொல் இரண்டு வேலை செய்வதைக் கவனித்தேன். ஆனால் இந்த இடத்தில் வரி மட்டும் இல்லை, சோதனைக்கூடம், காத்திருப்பு, துறைமுகத்தில் பெட்டி கிடக்கும் நாள்களுக்கான வாடகை எல்லாம் வரிசையாக வரும்.

பிறகு ஊர் விதிகள். விக்டோரியாவில் 2023 டிசம்பரிலிருந்து 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட இரண்டாவது சிறுவீட்டுக்குப் பெரும்பாலான இடங்களில் திட்ட அனுமதி தேவையில்லை. இதை மட்டும் வாசித்துவிட்டு 'பெர்மிட்டே வேண்டாம்' என்று துள்ளுகிறார்கள். கட்டட அனுமதி கட்டாயம் வேண்டும். அதற்குப் பொறியாளர் கையெழுத்து, மண் பரிசோதனை, வெப்பத்தடுப்புக் கணக்கு எல்லாம் தேவை. சுவருக்குள் புதைத்து வந்திருக்கும் மின்கம்பி உள்ளூர் விதிக்குள் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சொல்ல வேண்டும். பார்க்காததற்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். பார்க்க வேண்டுமென்றால் பலகையைப் பிரிக்க வேண்டும். குழாய்களுக்கு வாட்டர்மார்க் முத்திரை வேண்டும். 1949இல் லஸ்ட்ரான் முட்டிக்கொண்ட அதே சுவர்.

கடைசியாக ஹோவிட்டின் எட்டு மைல். இரண்டு மூன்று டன் பெட்டியை முன்வீட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொல்லையில் இறக்க கிரேன் வேண்டும். வீடு உட்கார மட்டம் பிசகாத அஸ்திவாரம் வேண்டும். விரிக்கும் வீட்டில் நடுப்பெட்டியும் இரண்டு சிறகுகளும் தனித்தனியாகத் தரையில் நிற்பதால், ஒரு பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தாலும் கீல் இருக்கும் மூட்டு விலகும், மழைநீர் அந்த வழியாகத்தான் முதலில் உள்ளே வரும். கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு, குளிர்காலத்துக்கு ஹீட்டர். முடித்தபோது, வீட்டின் விலை என்ற வரி மொத்தத்தில் பாதிகூட இல்லை.

நண்பனிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவன் கணக்கில் பணத்தைவிட வருடங்கள் முக்கியம். உள்ளூரிலேயே கட்டித்தருபவரிடமும் ஒரு கொட்டேஷன் வாங்கு, இரண்டையும் வீட்டு விலையில் ஒப்பிடாதே, சாவி கைக்கு வரும் விலையில் ஒப்பிடு என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

எங்கே பலித்தது

தொழிற்சாலை வீடு எல்லா இடத்திலும் தோற்றது என்று முடித்தால் அது பொய். பிரிட்டனில் போருக்குப் பின் 1940களின் கடைசிக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகள் நிறுத்தப்பட்டன. அதில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை விமானத் தொழிற்சாலைகளில் செய்த அலுமினிய வீடுகள். சில ஆயிரம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை. பத்துப் பதினைந்து வருடம் தாங்கினால் போதும் என்று செய்தவை. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் அவற்றில் முதன்முறையாகக் குளிர்சாதனப் பெட்டியையும், உள்ளேயே இருக்கும் கழிப்பறையையும், வெந்நீர்க் குழாயையும் பார்த்தன.

அங்கே மட்டும் எப்படி நடந்தது? இந்த வீடுகள் மலிவாக இல்லை. சொல்லப்போனால் அலுமினிய வீடு சாதாரணச் செங்கல் வீட்டைவிடச் செலவு கூடியது. ஆனால் வீட்டை மத்திய அரசு கொடுத்தது, இடத்தையும் சாலையையும் சாக்கடையையும் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. இல்லாத வரிகள் என்று நான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஒருவர் முன்கூட்டியே எழுதி, தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். குடியேறியவர்களிடம் வாடகை மட்டும் கேட்கப்பட்டது.

தெற்கு லண்டனில் கேட்ஃபோர்டில் இருக்கும் எக்ஸ்காலிபர் குடியிருப்பு அப்படி எழுந்தது. 187 வீடுகள், கட்டியவர்கள் ஜெர்மானிய, இத்தாலியப் போர்க்கைதிகள். அறுபது வருடத்துக்கும் மேலாக ஆட்கள் அங்கே வாழ்ந்தார்கள், வாசலில் ரோஜா வளர்த்தார்கள், இடிக்க வந்தபோது பலர் எதிர்த்தார்கள். 2009இல் ஆறு வீடுகள் மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்கப்பட்டன. மற்றவற்றைப் படிப்படியாக இடித்துவருகிறார்கள். வீடு பழுதானது ஒரு காரணம். லண்டனில் அந்த நிலம், வீட்டைவிட எத்தனையோ மடங்கு விலை ஏறிவிட்டது இன்னொரு காரணம்.